நாலாம் பாரம், பி பிரிவு

1938ஆம் வருஷம் பள்ளிக்கூடம் திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, ஹெட்மிஸ்ட்ரஸ் மிஸ் தைரியராஜ் வேதவதியைத் தன் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். திருச்சியில் தெப்பக்குளத்துக்குத் தெற்கே இருந்த பெண்கள் ஹைஸ்கூலில் வேதவதி கணக்கு டீச்சர். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள்.

"உக்காருங்க வேதவதி. இந்த வருஷம் நாலாம் பாரத்தை ரெண்டாப் பிரிச்சிருக்கேன். ஏ பிரிவுக்கு எப்பவும் போல எல்லாம் இங்கிலீஷ்ல. பி பிரிவுக்குக் கணக்கு, சயன்ஸ், சரித்திரம் மூணும் தமிழ்ல. எந்தப் பிரிவுன்னு பெத்தவங்களே எழுதிக் கொடுத்திருக்காங்க. பி பிரிவுக்குக் கணக்கு நீங்கதான்."

"நானா? தமிழ்லயா?"

"ஏன், உங்களுக்குத் தமிழ் தெரியாதா?" என்று சிரித்தார் மிஸ் தைரியராஜ். "புதுசா ஒண்ணு ஆரம்பிக்கறப்போ நல்ல டீச்சரைப் போட வேண்டாமா? அதனாலதான்."

வேதவதிக்கு அது பாராட்டாகத் தோன்றவில்லை. ஏதோ குற்றம் செய்து கீழே இறக்கப்பட்டது போலத்தான் இருந்தது. ஏ பிரிவில் வக்கீல் வீட்டுப் பெண்களும் ஆபீசர் வீட்டுப் பெண்களும் இருப்பார்கள். வேறு வழி இல்லாதவர்களும் இங்கிலீஷில் தவறிவிடுவோமோ என்று பயந்தவர்களும்தான் பி பிரிவுக்கு வருவார்கள். அவளுடைய பதிமூன்று வயதுப் பெண் வைஜயந்தியும் அந்த வருஷம் நாலாம் பாரம்தான். அவளுக்கான காகிதத்தில் வேதவதி ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் 'ஏ' என்று எழுதிக் கொடுத்திருந்தாள்.

அதற்குக் காரணம் இருந்தது. பத்தொன்பதாவது வயதில், இடுப்பில் ஒரு வயதுக் குழந்தையோடு, அவள் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தெற்குச் சித்திரை வீதியில் இருந்த பிறந்தகத்துக்குத் திரும்பினாள். அவள் அப்பா வேதாந்தம் கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டியில் முன் வரிசையில் நிற்பவர். அப்படிப்பட்டவர், வீதியில் யார் என்ன சொன்னாலும் காதில் வாங்காமல், பெண்ணின் தலைமுடியில் கத்தி வைக்கக்கூடாது என்று பிடிவாதமாக நின்றார். குழந்தையை மனைவியிடம் விட்டுவிட்டு, வேதவதியை மதராஸுக்கு அழைத்துப் போய் ஹாஸ்டலில் சேர்த்தார். அங்கே முதல் ஆறு மாதம் வகுப்பில் இங்கிலீஷில் நடந்தது எதுவும் அவளுக்குப் புரியவில்லை. புரியாததையெல்லாம் அவள் நெட்டுருப் போட்டாள். பக்கம் பக்கமாகப் போட்டாள். கமா எங்கே, புல்ஸ்டாப் எங்கே என்பது உட்பட மனசில் ஏற்றிக்கொண்டாள். எட்டு வருஷத்தில் பி.ஏ.வும் டீச்சர் பயிற்சிக்கான எல்.டி.யும் முடித்து ஊருக்கு வந்தாள். அதற்குப் பிறகு அப்பாவும் போனார், அம்மாவும் போனாள். வீட்டில் தாயும் பெண்ணும்தான். முன்பு அவள் எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று திரும்பி உள்ளே போனவர்கள், இப்போது தந்தி வந்தால் அதை எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்குத்தான் ஓடி வந்தார்கள். இங்கிலீஷ் இல்லையென்றால் தான் எந்த மூலையில் உட்கார்ந்திருப்போம் என்பது வேதவதிக்கு நன்றாகத் தெரியும்.

பி பிரிவில் பத்தொன்பது பெண்கள் சேர்ந்தார்கள். முதல் இரண்டு வாரம் வேதவதிக்கு நாக்கு ஒத்துழைக்கவில்லை. போர்டில் கணக்கைப் போட்டுவிட்டுத் திரும்பினால் வாயில் இங்கிலீஷ்தான் வரும். பாதி வாக்கியத்தில் நிறுத்தி, தமிழில் தேடுவாள். புதிதாக வந்திருந்த தமிழ்ப் புத்தகத்தில் இருந்த சமஸ்கிருதச் சொற்களோ பெண்கள் வாயில் நுழையவில்லை. கடைசியில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, பிளஸ் என்பதைக் கூடுதல் என்றும் மைனஸ் என்பதைக் குறைவு என்றும் சொல்லிப் பார்த்தாள். வகுப்பு கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஆடி மாதத்தில் ஒரு நாள், குறைவைக் குறைவால் பெருக்கினால் கூடுதல் என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனாள். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பெயர் செல்லக்கிளி. துறையூர்ப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண். அப்பா பெரிய மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருந்ததால் திருச்சியிலேயே வரகனேரியில் குடியிருந்தார்கள்.

"டீச்சர், ரெண்டும் குறைவாச்சே. அப்புறம் எப்படிக் கூடும்?"

"அதுதான் விதி."

"விதின்னா யாரு போட்டது டீச்சர்?"

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். வேதவதி வாயைத் திறந்தாள். 'லைக் சைன்ஸ் கிவ் பிளஸ்' என்ற வாக்கியம் தயாராக நுனி நாக்கில் வந்து நின்றது. அதைத் தமிழில் 'ஒரே குறிகளைப் பெருக்கினால் கூடுதல்' என்று சொன்னால் செல்லக்கிளி கேட்ட கேள்விதான் திரும்ப வந்தது. அதற்குப் பின்னால் வேறெதுவும் இல்லை.

"நாளைக்குச் சொல்றேன்" என்றாள்.

பஸ்ஸில் போகும்போதும், சமைக்கும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். கணக்கில் பி.ஏ. வாங்கியவள். எத்தனையோ ஆயிரம் தடவை இந்த விதியைப் பயன்படுத்தியிருக்கிறாள். இது ஏன் என்று யாரும் அவளைக் கேட்டதில்லை. அவளும் கேட்டுக்கொண்டதில்லை.

மறுநாள் காலையில் காவேரியில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் குளிக்க இறங்கியபோது, முந்தாநாள் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்த படி காய்ந்து கிடந்தது. அந்த வாரம் மேட்டூர் அணையில் திறந்துவிடும் தண்ணீரைக் குறைத்திருந்தார்கள். பக்கத்தில் புடவை பிழிந்துகொண்டிருந்த ஒரு மாமி, "தினம் ரெண்டு விரக்கடை இறங்கறது பாருங்கோ" என்றாள். வேதவதி சரி என்று தலையாட்டிவிட்டு முழுகி எழுந்தாள். எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இறங்குகிற தண்ணீர் குறைவு. இன்னும் மூன்று நாள் போனால் ஆறு விரக்கடை, அதாவது ஆறு விரல் அகலம், குறையும். சரி. முன்னால் போவதற்குப் பதிலாக மூன்று நாள் பின்னால் போனால்? நாளும் குறைகிறது, தண்ணீரும் குறைகிறது. ஆனால் அன்றைக்குத் தண்ணீர் ஆறு விரக்கடை மேலே அல்லவா இருந்தது!

"என்னாச்சு? காலை ஏதாவது கடிச்சுடுத்தா?" என்று கேட்டாள் மாமி.

அன்று வகுப்பில் போர்டு நிறையப் படித்துறை வரைந்தாள். தண்ணீர் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டாள். "தினம் ரெண்டு விரக்கடை இறங்கற தண்ணி. இன்னிலேருந்து மூணு நாள் பின்னால போங்கோ. தண்ணி எங்கே இருந்திருக்கும்?"

செல்லக்கிளி உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள். "மேல டீச்சர்! ஆறு விரக்கடை மேல!" பிறகுதான் எழுந்து நின்றாள். "அப்ப இது யாரும் போட்ட விதி இல்லே டீச்சர். நெசமே அப்படித்தான் இருக்கு."

"ஆமாம்" என்றாள் வேதவதி. பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிவிட்டுச் சொன்னாள். "எனக்கும் இன்னிக்குக் கார்த்தாலதான் தெரிஞ்சது."

வகுப்பு சிரித்தது. அதற்கப்புறம் அந்த வகுப்பில் கேள்விகள் நிற்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு 'ஏன்' அவளோடு பஸ் ஏறி ஸ்ரீரங்கத்துக்கு வந்தது. இத்தனை வருஷத்தில் இல்லாத அளவுக்கு அவளும் உட்கார்ந்து யோசித்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் வைஜயந்தியிடம் கேட்டாள். "வைஜூ, மைனஸ் இன்டூ மைனஸ் ஏன் பிளஸ் ஆறது?"

"லைக் சைன்ஸ் கிவ் பிளஸ்மா" என்றாள் வைஜயந்தி, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"அது ரூல். ஏன்னு கேட்டேன்."

"ரூலுக்கு ஏன் எப்படிம்மா இருக்கும்?"

வேதவதி காவேரித் தண்ணீரைச் சொன்னாள். வைஜயந்தி பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். கெட்டிக்காரப் பெண், வகுப்பில் முதலாவது. கேட்டு முடித்துவிட்டு, "இதைப் பரீட்சைல எழுதினா மார்க் உண்டா?" என்றாள்.

வேதவதிக்கு மதராஸ் ஹாஸ்டலில் இருந்த தன்னையே எதிரே பார்த்தது போல் இருந்தது. பெண்ணை பி பிரிவுக்கு மாற்றிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. உடனே, காலேஜில் யார் தமிழில் சொல்லிக் கொடுப்பார்கள் என்ற எண்ணமும் கூடவே வந்தது. அப்பா தன்னைக் கரையேற்றிய வழி அது. அதிலிருந்து பெண்ணை இறக்கிவிட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

புரட்டாசியில் சரஸ்வதி பூஜை கழிந்த மறுநாள், செல்லக்கிளியின் அப்பா வீரமலை பள்ளிக்கூடத்துக்கு வந்தார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டீச்சர்கள் அறை வாசலிலேயே நின்றார். உட்காரச் சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டார். பின்னால் வராந்தாத் தூணை ஒட்டி செல்லக்கிளி நின்றிருந்தாள்.

"கும்புடறேங்க டீச்சரம்மா. ஒங்களப் பத்திப் புள்ள வூட்ல ஓயாமப் பேசுதுங்க. ஆனா மார்க்கெட்ல நாலு பேரு ஒரு மாதிரி சொல்றாங்க. தமிழ்ப் பிரிவுன்னா படிப்பு ஏறாத புள்ளைங்களுக்குன்னு. மேல காலேசுல சேத்துக்க மாட்டாங்கன்னும் சொல்றாங்க. நான் கையெழுத்து மட்டும் போடத் தெரிஞ்சவன். எனக்கு என்ன தெரியும்? அதான் ஒங்களையே கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"கேளுங்கோ."

"ஒங்க பொண்ணும் இதே வகுப்புன்னு கிளி சொல்லுச்சு. அது எந்தப் பிரிவுலீங்க படிக்குது?"

அவர் அதைக் குத்திக்காட்டிக் கேட்கவில்லை. நல்ல விதை எது என்று அந்த நிலத்துக்காரனையே கேட்பது போல வெள்ளை மனசாகக் கேட்டார். வேதவதிக்குக் காது சூடேறியது.

"ஏ பிரிவுல" என்றாள்.

"அப்ப எம் பொண்ணையும் அங்கயே போட்டுடுங்கம்மா. ஒங்களுக்குத் தெரியாததா?"

எத்தனையோ சொல்லியிருக்கலாம். உங்கள் பெண் கேட்கிற கேள்விகளை இந்தப் பள்ளிக்கூடத்தில் வேறு யாரும் கேட்பதில்லை என்று சொல்லியிருக்கலாம். இன்னும் ஒரு வருஷம் அவள் இங்கே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எந்த முகத்தோடு சொல்வது? மாற்றல் காகிதத்தை எடுத்தாள். அவர் போட்ட கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். தலை நிமிர்ந்தபோது செல்லக்கிளி தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. ஏதாவது சொல்வீர்களா என்று காத்திருக்கிற பார்வை. வேதவதி மேஜை மேல் இருந்த நோட்டுக்களை அடுக்க ஆரம்பித்தாள்.

செல்லக்கிளி போனதைப் பார்த்து இன்னும் நாலு வீட்டுக்காரர்கள் பெண்களை மாற்றிக்கொண்டார்கள். பி பிரிவில் பதினாலு பேர்தான் மிஞ்சினார்கள். மூன்றாவது பெஞ்சு காலியாகிவிட்டது.

தீபாவளிக்குச் சில நாள் முன்பு, தலை பின்னிக்கொண்டிருந்த வைஜயந்தி தானாகவே பேச்சை எடுத்தாள்.

"அம்மா, அந்த செல்லக்கிளி வாயே திறக்கறதில்லே."

"ஏன்?"

"மொத வாரம் ஜாமெட்ரில எழுந்து தமிழ்ல ஏதோ கேட்டா. டீச்சர் கோச்சுக்கலே. இங்கிலீஷ்ல கேளும்மான்னு நல்லபடியாத்தான் சொன்னா. அவ ரொம்ப நேரம் நின்னுட்டு, 'ஒய் இஸ் கம்'னு சொன்னா. எல்லாரும் சிரிச்சுட்டா." பின்னலின் நுனியை ரிப்பனால் முடிந்தாள். "நானும் சிரிச்சேம்மா."

வேதவதி அவளைத் திட்டவில்லை. திட்டத் தனக்கு என்ன பாத்தியதை என்று நினைத்தாள்.

தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது செல்லக்கிளி வரவில்லை. ஒரு வாரம் பார்த்தாள். இன்னொரு வாரமும் போயிற்று. அடுத்த சனிக்கிழமை காலையில் வேதவதி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக மார்க்கெட்டுக்குப் போனாள்.

வெங்காய மண்டிகள் இருந்த வரிசையில் அவள் அதுவரை கால் வைத்ததில்லை. சருகுத் தோல் கணுக்கால் வரை பறந்தது. மூட்டை தூக்குகிறவர்கள், வெள்ளைப் புடவையில் ஒரு ஐயங்கார் அம்மாள் வருவதைப் பார்த்துவிட்டுக் குழம்பிப் போய் ஒதுங்கினார்கள். வீரமலை பதறிக்கொண்டு எழுந்து, துண்டால் ஒரு மரப்பெட்டியைத் தட்டிப் போட்டார். வேதவதி அதில் உட்கார்ந்தாள்.

"கிளி எங்கே?"

"ஊர்ல எங்க அக்கா வூட்டுல விட்டுட்டேங்க. தெனம் தலவலிங்குது, வயித்துவலிங்குது. அப்புறம் ஒரு நாளு, போதும்ப்பா, எனக்குப் படிப்பு வராதுன்னு அதுவே சொல்லிடுச்சு. வராதுங்கற புள்ளைய அடிச்சா அனுப்ப முடியும்? அக்கா மவன் ஒருத்தன் இருக்கான். அடுத்த வருசம் பேசி முடிச்சிடலாம்னு இருக்கோம்."

"அவளுக்குப் படிப்பு வராதுன்னு யார் சொன்னா? நான் பார்த்த பொண்கள்ல இவ மாதிரி ஒருத்தி இல்லே."

வீரமலை அவளை நிமிர்ந்து பார்த்தார். பணிவு கொஞ்சம் விலகியிருந்தது.

"அப்ப அன்னைக்கு வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க? நான் ஒங்களத்தான கேட்டேன்? நீங்க சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேனே!"

"சொல்லியிருக்கணும். எம் பொண்ணை அங்கே உக்கார வெச்சுண்டு, உங்க பொண்ணை இங்கேயே விடுங்கோன்னு சொல்ல வெக்கமா இருந்தது. அதனால பேசாம கையெழுத்துப் போட்டேன். என் வெக்கத்தைக் காப்பாத்திக்கப் போய் உங்க பொண்ணு படிப்பு நின்னுடுத்து. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

எதிர் மண்டியில் யாரோ விலை கூவிக்கொண்டிருந்தார்கள். வீரமலை ஒரு வெங்காயத்தை எடுத்துத் தோலை உரித்துக்கொண்டே இருந்தார்.

"சரிங்க. இப்ப ஒண்ணு கேக்கறேன். நெசத்தச் சொல்லுங்க. தமிழ்ல படிச்சா மேல போவ முடியுமா, முடியாதா?"

"போகலாம். ஆனா கஷ்டம். காலேஜ்ல எல்லாம் இங்கிலீஷ்தான். மொத வருஷம் தடுமாறுவா. அதை நான் மறைக்கலே. ஆனா புரியறதுன்னா என்னன்னு அவளுக்கு இந்த வயசுலயே தெரிஞ்சிருக்கு. பாஷையை அப்புறம் கத்துக்கலாம். எனக்கு பாஷை மொதல்ல வந்துடுத்து. புரியறதுக்கு முப்பத்தோரு வயசாச்சு. அதுவும் உங்க பொண்ணு கேட்டுத்தான்."

"ஒங்க பொண்ணையும் தமிழ்ப் பிரிவுக்கு மாத்திட்டீங்களா?"

"இல்லே. அவளைக் கேட்டேன். மாட்டேன்னா. வற்புறுத்தி மாத்த எனக்கு பயமா இருக்கு. அதையும் சொல்லிடறேன்."

வீரமலை வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. "ரோசிக்கறேங்க" என்று மட்டும் சொன்னார். தெரு முனை வரை கூடவே வந்து, ஜட்கா ஒன்றைக் கூப்பிட்டு ஏற்றிவிட்டார்.

திங்கட்கிழமை வேதவதி நடந்ததை மிஸ் தைரியராஜிடம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"அவ திரும்பி வந்தாலும் இந்த வருஷம் மறுபடி பிரிவு மாத்த வழி இல்லே வேதவதி. பேர்ப் பட்டியல் கல்வி இலாகா ஆபீசுக்குப் போயாச்சு."

"அப்படின்னா வந்து என்ன பிரயோஜனம்?"

"பட்டியல்ல ஏ பிரிவுன்னு இருக்கட்டும். எந்த பெஞ்சுல உக்கார்றான்னு ஆபீஸ்லேருந்து தெனம் வந்து பாக்கப்போறாங்களா? பரீட்சைத் தாளை நான் பாத்துக்கறேன்." பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "மொதல்ல அவ வரட்டும்" என்றார்.

கார்த்திகை முதல் வாரத்தில் ஒரு காலை, வீரமலை மகளைக் கூட்டிவந்து வாசலில் விட்டுவிட்டு, உள்ளே வராமலே திரும்பிப் போனார். செல்லக்கிளி பி பிரிவுக்கு வந்து மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தாள். பத்து நாளில் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று வேதவதி நினைத்தாள். ஆகவில்லை. அந்தப் பெண் கணக்குகளைச் சரியாகப் போட்டாள். கேள்வி மட்டும் கேட்கவில்லை. கூப்பிட்டால் எழுந்து, சொல்வதற்கு முன்னால் சுற்றிலும் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். பொங்கல் கழிந்து, மாசி பிறந்த பிறகுதான் ஒரு நாள் பாதி கையைத் தூக்கி, "டீச்சர், இது ஏன்..." என்று ஆரம்பித்தாள். வேதவதி சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு அவள் சொல்லி முடிக்கும் வரை அசையாமல் நின்றாள்.

சனிக்கிழமைகளில் செல்லக்கிளியை ஸ்ரீரங்கத்துக்கு வரச் சொன்னாள். வகுப்பில் தமிழில் புரிந்துகொண்டதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது, எப்படிக் கேட்பது என்று அங்கே பாடம். வேதவதி வைஜயந்தியையும் கூட உட்காரச் சொன்னாள். முதல் நாள் வைஜயந்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள். தன் நோட்டைப் பார்த்தபடியே, "அன்னிக்குச் சிரிச்சது தப்பு" என்றாள். "பரவால்ல" என்றாள் செல்லக்கிளி. அதற்கு மேல் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பெரிய சிநேகம் ஒன்றும் உடனே வந்துவிடவில்லை. ஆனால் செல்லக்கிளியின் ஏன்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் போனபோதெல்லாம் வைஜயந்திக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் ராத்திரி புத்தகத்தைப் புரட்டினாள். அப்படியும் கிடைக்காதபோது அம்மாவிடம் வந்து நின்றாள்.

மறு வருஷம், பி பிரிவுக்கு வருகிறாயா என்று வைஜயந்தியை மறுபடியும் கேட்டாள். "நான் ஏ பிரிவுலயே இருக்கேன்மா" என்றாள் அவள். வேதவதி அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. மிஸ் தைரியராஜிடம் போய், பி பிரிவை இந்த வருஷமும் தனக்கே கொடுக்கும்படி தானாகவே கேட்டுக்கொண்டாள்.

1941இல் இரண்டு பெண்களும் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினார்கள். வைஜயந்தி பள்ளிக்கூடத்தில் இரண்டாவதாக வந்தாள். கணக்கில் மட்டும் செல்லக்கிளி அவளைவிட எட்டு மார்க் கூட. இங்கிலீஷில் அவள் தேறியது மயிரிழையில். வீரமலையின் அக்கா கல்யாணப் பேச்சை மறுபடி எடுத்தாள். அவர், "காலேசு வாசலையும் ஒரு தரம் பாத்துட்டு வரட்டும்" என்று சொல்லித் தள்ளிப்போட்டார். இரண்டு பேரும் திருச்சியிலேயே இருந்த பெண்கள் காலேஜில் இன்டர்மீடியட் சேர்ந்தார்கள்.

வேதவதி சொன்ன தடுமாற்றம் வந்தது. சொன்னதைவிட அதிகமாகவே வந்தது. முதல் பருவத் தேர்வில் செல்லக்கிளி கெமிஸ்ட்ரியிலும் பிசிக்ஸிலும் தவறிவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்துக்கு வந்து, கூடத்தில் உட்கார்ந்து, மார்க் காகிதத்தைத் தரையில் வைத்தாள்.

"மொத வருஷம் தடுமாறுவேன்னு சொன்னீங்க டீச்சர். இவ்வளவுன்னு சொல்லலியே" என்றாள். அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"இவ்வளவுன்னு எனக்கே தெரியாதும்மா" என்றாள் வேதவதி. இந்தப் பெண்ணை ஏ பிரிவிலேயே விட்டிருந்தால் இன்று இப்படி ஆகியிருக்காதோ என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. விட்டிருந்தால் இவள் இங்கே வந்து சேர்ந்தேயிருக்க மாட்டாள் என்றும் தோன்றியது. இரண்டில் எது சரி என்று அவளால் அன்றைக்கும் முடிவு செய்ய முடியவில்லை.

வைஜயந்தி உள்ளேயிருந்து கெமிஸ்ட்ரிப் புத்தகத்தை எடுத்து வந்து எதிரே உட்கார்ந்தாள். தண்ணீரைப் பற்றிய பாடத்தை ஒவ்வொரு வாக்கியமாக வாசித்து, அர்த்தம் சொல்லிக்கொண்டு போனாள். இரண்டு பக்கம் தாண்டவில்லை. செல்லக்கிளி கையை நீட்டித் தடுத்தாள்.

"இரு, இரு. ஹைட்ரஜன் தானே எரியற வாயு. ஆக்ஸிஜன் மத்ததை எரிய வெக்கற வாயு. ரெண்டும் சேந்ததுதான் தண்ணி. அப்புறம் தண்ணி ஏன் நெருப்பை அணைக்குது?"

வைஜயந்தி அம்மாவைப் பார்த்தாள். வேதவதி யோசித்துப் பார்த்துவிட்டுத் தெரியவில்லை என்று கையை விரித்தாள். புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார்கள். அதில் இல்லை.

"நாளைக்கு புரொபசரைக் கேக்கலாம்" என்றாள் வைஜயந்தி. "நான் கேக்கட்டுமா?"

"வேணாம். கேள்வி என்னுது. நானே கேக்கறேன். இங்கிலீஷ்ல மட்டும் எழுதிக் கொடு" என்றாள் செல்லக்கிளி.

வைஜயந்தி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். வேதவதி எழுந்து இரண்டு பேருக்கும் காபி கலக்க உள்ளே போனாள். கூடத்தில் செல்லக்கிளி அந்த வாக்கியத்தை ஒரு தரம், இரண்டு தரம் உரக்கச் சொல்லிப் பார்ப்பதும், நடுவில் ஒரு வார்த்தை சரியில்லை என்று வைஜயந்தியோடு சண்டை பிடிப்பதும் சமையலறை வரை கேட்டது.